பஜ்ஜிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கொசுவலை

தனக்கு சினிமா ரசனை இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறவனிடம் எந்த சுபகாரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. அதையும் அவன் ஒரு படமாக எடுக்கப் பார்ப்பான். என் தங்கை காயத்ரியைப் பெண் பார்க்க வந்தவர்களை நான் பூட்டிவைத்த கதையைக் கேட்டால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

நாங்கள் தாத்தா காலத்திலிருந்து தெலுங்குச் சீமையில், மெட்டுகுடாவாசிகள். (ரயில்வேயில் இருந்த தாத்தா எங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து, தமிழில் பாதி தக்கனி உருது கலந்த ஒரு பாஷை.) அப்பா காலமான பிறகு காயத்ரிக்கு வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போயின. மூன்றாவதாக வந்தவர்கள் திருச்சிக்காரர்கள். பிள்ளை அருணின் ஐ.டி. வேலைக்காகக் குடும்பத்தோடு எங்கள் ஊர்ப் பக்கம் உப்பலுக்கு வந்தவர்கள். போட்டோவைப் பார்த்த காயத்ரி, "அண்ணா, இந்த ஒரு விஷயத்துல மட்டும் உன் மூளையை யூஸ் பண்ணாதே, ப்ளீஸ்" என்றாள். பிள்ளையைப் பிடித்துவிட்டது என்பதை அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

நான் யூஸ் பண்ணினேன்.

பிள்ளையின் அப்பா போனில் பேசும்போது ஒரு பழைய யுத்தப் படத்தைப் பற்றி உருகினார். போர்க்கைதிகள் முகாம் ஒன்றில் சிலர் குளிர்காலம் முழுக்க ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்று உயிர் பிழைக்கும் கறுப்பு வெள்ளைப் படம். எனக்கும் உயிரான படம். உடனே எனக்குள் இருந்த டைரக்டர் எழுந்துவிட்டான். எதற்கு இந்த பஜ்ஜி, சொஜ்ஜி, "பாட்டு கத்துக்கிட்டியாம்மா?" எல்லாம்? இரண்டு குடும்பமும் எங்கள் அபார்ட்மெண்டின் பொது ஹாலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்போம். நடுவில் கைதிகளின் அதே ரேஷன்: காய்ந்த ரொட்டி, தண்ணி சூப். படம் முடிந்ததும் வீட்டில் பஜ்ஜி. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பிள்ளையின் அப்பாவே "அட, புதுசா இருக்கே தம்பி!" என்றுவிட்டார்.

எங்கள் ஹாலில் எந்தப் படம் போட்டாலும் ஆட்கள் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் வாட்ச்மேன் யாதகிரியிடம், ஷட்டரை வெளியே இறக்கிப் பூட்டிவிடும்படி சொன்னேன். படம் முடிகிற மியூசிக் கேட்டால்தான் திறக்க வேண்டும். யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. நானே கேட்டாலும் கூடாது. என் அம்மாவே வந்து நின்றாலும் கூடாது. யாதகிரி பயபக்தியோடு தலையாட்டினார். (அப்படியானால் அம்மா எப்படி சூப் கொண்டுவருவாள் என்று நான் யோசிக்கவில்லை. பி.டெக். படித்தவன்.)

நல்ல மே மாத மத்தியானம். படத்தில் கைதிகள் பனியில் நடுங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. எங்கள் ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும்தான். ஃபேனும், என் லேப்டாப்பிலிருந்து படத்தைக் காட்டிய ப்ரொஜெக்டரும் நின்றன. நான் ஷட்டரைத் தட்டினேன்.

"யாதகிரி, கோலோ!"

"பிக்சர் கதம் ஹுவா க்யா சார்?"

"நை! லைட் கயா!"

"கதம் நை ஹுவா தோ நக்கோ சார். ஆப் இச் போலே நா?"

படம் முடியவில்லை, ஆகவே பூட்டும் திறக்காது. நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார். அவருடைய வாதத்தில் இன்றுவரை எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. இன்னொரு சாவி வைத்திருக்கும் செகரட்டரிக்குப் போன் போட்டேன். திருப்பதியில் தரிசன வரிசையில் நிற்பதாகவும், எனக்காகவும் வேண்டிக்கொள்வதாகவும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏங்க, சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டுட்டேனே. பொண்ணு பார்க்கப் போற இடத்துல டிபன் இல்லாமயா இருக்கும்னு, வந்ததும் போட்டுட்டேன்."

மாத்திரை போட்டவர் உடனே சாப்பிடாவிட்டால் மயக்கம் போட்டு விழுவார். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பந்தி விழுந்தால், அந்தக் கல்யாணத்தை யார் தூக்கி நிறுத்துவது?

போன் பண்ணியதும் அம்மா சுடச்சுட மிர்ச்சி பஜ்ஜியோடு ஓடிவந்தாள். யாதகிரி அவளையும் மரியாதையாகக் கும்பிட்டு மறுத்துவிட்டார். ஜன்னல் பக்கம் வந்தாள். ஜன்னலுக்கு ஸ்க்ரூ அடித்த கொசுவலை. (டெங்கு பயத்தில் போன மீட்டிங்கில் அதைப் போடவைத்ததும் அடியேன்தான்.) அம்மா ஒரு பஜ்ஜியை வலையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். எண்ணெய் மட்டும் எங்கள் பக்கம் வந்தது.

"ஏண்டா, கைக்குடா, எதுக்குடா உனக்கு இந்த வேலையெல்லாம்?" என்று வலைக்கு அந்தப் பக்கம் அழ ஆரம்பித்தாள். பிள்ளையின் அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காயத்ரி பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். நான் ரேஷனுக்காக வாங்கிவைத்திருந்த முழு ரொட்டியை எடுத்தாள். கத்தி கிடையாது. தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து, பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு நூலை மட்டும் எடுத்தாள். சற்று முன் படத்தில் கைதிகள் ரொட்டி அறுத்தது அப்படித்தான். "ஒரு முனையைப் பிடிச்சுக்கறீங்களா?" என்றாள் அருணிடம். அவர் அவசரமாக எழுந்துவந்து பிடித்துக்கொண்டார். அதுதான் அவர்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு.

முதல் துண்டு, பெரிய துண்டு, மாமனாராகப் போகிற மாமாவுக்கு. மற்றவர்களுக்குச் சமமாக. எனக்கு அடிப்பக்கத்துக் கருகல்.

மாமாவுக்கு முகத்தில் தெளிவு வந்ததும் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, லேப்டாப்ல சார்ஜ் இருக்கா?"

"ஃபுல்லா இருக்கே."

"அப்போ படத்தைக் கடைசிக்குத் தள்ளு. மியூசிக் கேட்டாத்தானே அவர் திறப்பார்?"

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். அவள் காமர்ஸ். லேப்டாப்பை ஷட்டர் இடுக்கில் வைத்து, முழுச் சத்தத்தில் கடைசி இசையை விட்டேன். வெளியே "ஹவ், கதம்!" என்று படம் முடிந்ததை ஒப்புக்கொள்ளும் குரல் கேட்டது. ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

வீட்டில் பிள்ளையின் அப்பா பஜ்ஜித் தட்டைக் காலி பண்ணினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். "அந்தப் படத்தை எப்பப் பார்த்தாலும், இப்படி ஒரு முகாம்ல மாட்டிக்கிட்டா யார் கூட இருந்தா பிழைக்கலாம்னு யோசிப்பேன்மா. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க பொண்ணு கூட இருந்தாப் பிழைச்சுக்கலாம்."

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பியை மட்டும் முதல் நாளே காவல்காரன்கிட்ட ஒப்படைச்சிடணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிர்ச்சி காரம் என்று சமாளித்தேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மண்டபத்துச் சாவியை மட்டும் மாமா முகூர்த்தம் முடியும்வரை தன் மடியில் முடிந்துவைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் கல்யாண நாளன்று கேக்கைக் காயத்ரியும் அருணும் இன்றும் பூச்சர நூலால்தான் வெட்டுகிறார்கள். கேக் எப்படிச் செய்தாலும் எனக்கென்று ஒரு கருகல் துண்டு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அவர்கள் பெண்ணுக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் தெலுங்கு. உப்பலில் நான் படியேறும் சத்தம் கேட்டாலே அந்த வாண்டு உள்ளே ஓடி, வீட்டுப் பூட்டை எடுத்து ஒளித்துவைக்கும்படி தாத்தாவை எச்சரிக்கிறது:

"தாதய்யா, மாமய்ய ஒச்சாடு! தாளம் தாச்செய்!"