எம்.பி. வீட்டுப் புகை

எம்.பி. வீட்டு மதிலுக்கு மேலால் புகை எழும்பியதும் அவருடைய செயலாளர் முஸ்தாக் மதிலடிக்கு ஓடினான்.

நாடு முழுக்கச் சமையல் கேஸ் இல்லாத காலம். அடுத்த கிழமை கல்முனைக்குக் கேஸ் லொறி வரும் என்று எம்.பி. மேடையில் பேசியிருந்தார். பேச்சை எழுதிக் கொடுத்தது முஸ்தாக்; எம்.பி. அதை நம்பி வாசித்தார். லொறி வரவில்லை. எம்.பி. வீட்டுச் சிலிண்டரும் தீர்ந்து, அவர் மனைவி ஹாஜறா பின்வளவு அடுப்பில் ஈரத் தென்னைமட்டையை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கோபத்தில் சனம் எம்.பி.மாரின் வீடுகளைக் கொளுத்திய நாட்கள் அவை. தனக்கே கேஸ் எடுக்க வக்கில்லாதவர் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடாது.

அடுத்த வீட்டு சுல்பிகா மதிலால் எட்டிப் பார்த்து, என்ன புகை என்று கேட்டார். குப்பை எரிக்கிறோம் என்றான் முஸ்தாக்.

"குப்பையில வெங்காயம் வதங்குற வாசம் வருதே, தம்பி."

அவன் கதையை மாற்றினான். நாட்டுக்காக எம்.பி. நேர்ச்சை வைத்திருக்கிறார், கந்தூரிச் சோறு ஆக்குகிறோம் என்றான். கந்தூரி என்றால் ஊருக்கே சோறு என்பது, சொன்ன பிறகுதான் உறைத்தது.

நண்பகல் லுஹர் தொழுகை முடிய வாசலில் சனம். கைகளில் மூடிய சட்டி பானைகள். உள்ளே அடுப்பில் ஒரு சட்டி பருப்பு.

"நான் போய்க் கதைக்கிறன்" என்று எம்.பி. எழும்பினார்.

"வேணாம் சேர். நீங்க வாயைத் திறந்தா உண்மைதான் வரும்."

அதுதான் முஸ்தாக்கின் கவலை. மனுசன் தங்கம். ஆனால் பொய் வராது. இத்தனை வருசமும் அவருக்கான பொய்களை முஸ்தாக்தான் சொல்லி வந்தான். எம்.பி.யைக் குளியலறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டு, சேர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று வாசலில் அறிவித்தான்.

உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. மைக்கில் ஊரே கேட்டுப் பழகிய இருமல்.

முஸ்தாக் படியிறங்கிச் சனத்தின் முன்னால் போய் நின்றான்.

"கேஸ் இல்ல. சோறும் இல்ல. எல்லாப் பொய்யும் நான் சொன்னது. கொளுத்துறதெண்டா என்ட மோட்டர்சைக்கிளைக் கொளுத்துங்க, அவர விடுங்க."

பெண்கள் சட்டிகளை இறக்கி மூடிகளைத் திறந்தார்கள். அரிசி, தேங்காய், கருவாடு. பின்னால் ஒருவர் தோளில் காய்ந்த விறகுக் கட்டு.

"சேர்ந்து ஆக்குவமெண்டு வந்தம்" என்றார் சுல்பிகா. "கேஸ் இல்ல, லொறியும் வராதெண்டு எம்.பி. போன கிழமையே வீடு வீடா வந்து சொல்லிட்டார், தம்பி. ஒங்களுக்கு மட்டும் சொல்ல வேணாமெண்டார், பயந்திருவீங்களாம்."