நின்றுகொண்டு தின்றது சாப்பாடல்ல

கோலியர்ஸ் வுட், லண்டன்
17.10.1993

அன்பும் மதிப்பும் மிக்க கனகாம்பிகை அக்காவுக்கு,

தம்பி பாலேந்திரா எழுதும் மடல். பிள்ளையார் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம். அதிலும் நான், மற்ற இருவரையும் ஒரு தட்டில் வைத்து என்னை மறு தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஏலாத அளவுக்குச் சுகம். கனடாவில், ரொறன்ரோவில் உங்கள் சுகத்தையும் அத்தான் சுகத்தையும் அறிய ஆவல்.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, "இப்பதான் நல்லாத் தேறியிருக்கிறாய், லண்டன் தண்ணி பிடிச்சிருக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த மகிழ்ச்சியோடு போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். முதலாவது சரி. இரண்டாவதுக்கு முழங்கால் ஒரு சத்தம் போட்டது. மூன்றாவதுக்குக் கீழே போனவன் மேலே வரவில்லை. இரண்டு காதையும் பிடித்தபடி குந்திக்கொண்டிருக்கிறேன், பின்னுக்கு நிற்கிற சனம் பக்தி என்று நினைத்து வழிவிட்டு நிற்கிறது. பக்கத்தில் நின்ற வாசுதேவன் அண்ணைதான் குனிந்து, "பாலேந்திரா, கேட்டது கிடைக்காமல் எழும்பமாட்டாய் போலை கிடக்கு" என்றார். கடைசியில் இரண்டு பேர் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட்டினம். மகள் தர்ஷினி தூணுக்குப் பின்னால் வேறை ஆரின்ரையோ பிள்ளை மாதிரி நிண்டாள். எனக்கு முன்னாலை என்ரை மாதிரி வண்டி வயித்தோடை, கையிலை மோதகத்தோடை பிள்ளையார் இருக்கிறார். அவரை ஒருத்தரும் டொக்டரிட்டை அனுப்பேல்லை. என்னை மட்டும் என்ரை மனிசி கலாவதி அனுப்பிப்போட்டாள்.

டொக்டர் என்னை ஒரு நேர்ஸிட்டை தள்ளிவிட்டார். என்ரை இங்கிலிஸ் பெற்றோலுக்கும் சிகரெட்டுக்கும் போதும், கொலஸ்ரோலுக்குக் காணாது எண்டு தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு போனனான். பதினாலு வயது, பள்ளிக்கூடத்துக்கு லீவு எண்ட சந்தோசம் அவளுக்கு. நிறுத்தால் பதினாறரைக் கல்லு, எங்கடை கணக்கிலை நூற்றைஞ்சு கிலோ. இங்கை மனிசரைக் கல்லிலைதான் நிறுக்கிறது, கேக்கிறவன் நெஞ்சிலை ஒண்டு விழவேணும் எண்டுதானாக்கும். காரணம் லண்டன் தண்ணி இல்லையாம் அக்கா, தின்றதாம். உள்ளுக்குப் போறது கூட, வெளியிலை எரியிறது குறைய. பெற்றோல் ஷெட்டிலை பத்து மணித்தியாலம் கதிரையிலை இருக்கிறவனுக்கு காசுப் பெட்டியும் விரலும்தானே அசையுது. இப்பிடியே விட்டால் சீனி வருத்தம், பிறசர், இருதயம், முழங்கால் எண்டு கலியாணவீட்டுக்கு வாற சொந்தக்காரர் மாதிரி ஒண்டு வந்தால் மற்றதையும் கூட்டிக்கொண்டு வருமாம். சீனி இப்பவே வாசல்லை வந்து மணி அடிக்குதாம். மூண்டு மாதத்திலை ஒண்டரைக் கல்லாவது குறைக்காட்டி ஆயுள் முழுக்கக் குளிசை மருந்துதானாம். சொல்லிப்போட்டு, தின்றதெல்லாத்தையும் எழுதச் சொல்லி ஒரு கொப்பி தந்தா.

நான் பொய் எழுதாத மனிசன். காலமை ரீ, பாண் ரெண்டு துண்டு. மத்தியானம் கொஞ்சம் சோறு. பின்னேரம் பிட்டு. மூண்டு கிழமை ஒழுங்கா எழுதிக்கொண்டு போய்க் குடுத்தன். நேர்ஸ் வாசிச்சுப்போட்டு, "இதைத்தான் சாப்பிடுறாரெண்டால் இவர் இப்ப கதவுக்குக் கீழாலை நுழைஞ்சு வந்திருக்கவேணும்" எண்டா. உடனை தர்ஷினி இங்கிலிசிலை ஒரு பிரசங்கம் வைச்சாள், நேர்ஸ் எழுதுறா, எழுதுறா, பேனை நிக்குதில்லை.

"என்னடி சொல்லுறாய்?"

"குசினியிலை நிண்டுகொண்டு தின்றதை, அப்பா."

"நிண்டுகொண்டு தின்றது சாப்பாடே? சாப்பாடெண்டால் இருந்து சாப்பிடவேணும்."

"கோயில் சுண்டல்?"

"அது பிரசாதம். கடவுள் தந்ததைக் கொப்பியிலை எழுதுறதே?"

"ஸ்ட்ரெதம் ராஜலட்சுமி அன்ரி வீட்டிலை ஆறு றோல்ஸ்?"

"அது மரியாதை. நாலோடை நிப்பாட்டியிருந்தால் அந்த மனிசி என்ன நினைச்சிருக்கும்?"

இவ்வளவையும் அவள் ஒரு சொல்லு விடாமல் மொழிபெயர்த்தாள். நேர்ஸ் சிரிப்பை அடக்க ஏலாமல் சன்னலைப் பார்த்தா. பிறகு, "வேறை ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டா. தர்ஷினி என்னைக் கேளாமலே "நோ" எண்டாள். நானும் "நோ" எண்டன்.

ஆகவே அக்கா, என்ரை இந்த உடம்புக்குக் கடவுளும், ராஜலட்சுமி அக்காவும், கதிரையும்தான் பொறுப்பு. தை மாதம் நீங்கள் வரேக்கை ஒரு புதுத் தம்பியைப் பார்ப்பியள். மெலிஞ்சு போனான் எண்டு அழுது, தயவுசெய்து சமைக்க வெளிக்கிடாதையுங்கோ. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அம்மன் துணையால் உங்கள் வீட்டில் நோய் நொடி இன்றி எல்லாம் நிறையட்டும், வயிறு மட்டும் அளவோடு நிறையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கனத்த தம்பி,
பாலேந்திரா

பி.கு.: கடிதத்தை ஒட்ட மனம் வரவில்லை. மேலே எழுதினது பாதிதான், கோயிலிலையும் ராஜலட்சுமி அக்காவிலையும் அவ்வளவு பிழையில்லை. வைகாசி தொடக்கம் நான் ரெண்டு பேருக்குச் சாப்பிடுறன். கலாவதி அடுப்புப் பக்கம் திரும்பினவுடனை தர்ஷினி தன்ரை சோத்துக் கோப்பையை என்ரை பக்கம் தள்ளுவாள். தாய் ஏசுவாளே எண்டு நானும் மடமடவெண்டு முடிச்சு வெறுங்கோப்பையைத் திருப்பிக் குடுப்பன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நான் போன நாளிலையிருந்துதான் இது. அங்கை பெட்டையள் என்னைப் பார்த்துச் சிரிச்சவையாம். தானும் அப்பாவைப் போலக் குண்டா வந்திடுவன் எண்டு சினேகிதிக்கு ரெலிபோனிலை சொன்னதை நானே கேட்டனான். நேர்ஸிட்டை அவள் சொல்லாமல் விட்ட ஒண்டு அதுதான். நான் விட்டதும் அதுதான்.

நேற்றுப் பின்னேரமும் கோப்பை வந்தது. நான் திருப்பித் தள்ளினன்.

"அப்பா, ப்ளீஸ்."

"ஏலாது பிள்ளை. நேர்ஸ் ஏசுவா."

கனநேரம் சோத்தைக் கிண்டிக்கொண்டு இருந்துபோட்டு ரெண்டு வாய் சாப்பிட்டாள். நான் அங்காலை பார்த்துக்கொண்டு இருந்தன். நீ என்னைப் போல வரமாட்டாய், பயப்பிடாமல் சாப்பிடு எண்டு மட்டும் சொல்ல வாய் வரேல்லை.