கீரியைத் தத்தெடுத்த ஆமை

ஒரு காட்டில் ஒரே ஓர் ஆஸ்பத்திரியும் மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்று இருந்தது ஒரு கொக்கு மட்டும்தான். ஏஜெண்டுகளோ மரத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்தக் காட்டுக் குளக்கரையில் பூவாத்தாள் என்ற ஆமை குடியிருந்தாள். வயது அறுபத்துமூன்று. ஆமைகளுக்கு அது கல்யாண வயது. அவளுக்கு இப்போதுதான் வரன் வரத் தொடங்கியிருந்தது. பக்கத்துப் பொந்தில் சடையப்பன் என்ற கீரி இருந்தார். வயது ஒன்பது. கீரிகளுக்கு அது மனைவியை இழந்து, கொள்ளுப்பேரனையும் பார்த்துவிட்டு, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வயது. பூவாத்தாள் அவரை அண்ணா என்று கூப்பிடுவாள். அந்தப் பொந்தில் அதற்கு முன் இருந்த ஆறு கிழட்டுக் கீரிகளையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள்.

சடையப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒருநாள் கொடி என்று நினைத்து ஒரு நாகத்தின் மேலேயே காலை வைத்துவிட்டார். நாகம் அப்போதுதான் ஒரு தவளையை விழுங்கிவிட்டுக் கிறங்கிக் கிடந்ததால் பிழைத்தார்.

"அடுத்த பாம்பு பசியோட இருந்தா என்ன பண்ணுவீங்க, அண்ணா?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் கொக்கு டாக்டர். ஆனால் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்காக அவர் ஊன்றிய காலை மாற்றிக்கூட ஊன்ற மாட்டார். அதனால் இருவரும் மூன்று கம்பெனிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிளம்பினார்கள். சடையப்பனுக்கு ஒரு பாலிசி, எதற்கும் இருக்கட்டும் என்று பூவாத்தாளுக்கு ஒன்று.

முதல் கம்பெனியில் நரி உட்கார்ந்திருந்தது.

"வயசு?"

"ஒன்பதுங்க," என்றார் சடையப்பன்.

"தம்பி, தனிநபர் பாலிசிக்குப் பதினெட்டு ஆகணும். போய் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா."

"எங்கப்பா போய் ஏழு வருசம் ஆச்சுங்க. எனக்கே கொள்ளுப்பேரன் இருக்கான்."

நரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கொள்ளுப்பேரனுக்கு இதுல கட்டமே இல்லீங்களே," என்று வருத்தத்தோடு சொன்னது. பிறகு பூவாத்தாள் பக்கம் திரும்பியது. "பாட்டிம்மா, உங்களுக்கு அறுபது தாண்டிருச்சு. மூத்தோர் பாலிசிதான். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு நாலு வருசம் காத்திருக்கணும்."

நாலு வருடம் பூவாத்தாளுக்குப் பெரிதாகப் படவில்லை. பாட்டிம்மா என்றதுதான் உள்ளே போய்க் குத்தியது.

இரண்டாவது கம்பெனி மந்தியுடையது. மந்தி வயதே கேட்கவில்லை. கண்புரைக்குத் தாராளமாகப் பணம் தருவதாகச் சொன்னது. ஆனால் புரை பாலிசி எடுத்த பிறகு வந்ததாக இருக்க வேண்டும். பூவாத்தாளுக்கு வேறு சிக்கல். "இருபத்துநாலு மணி நேரம் ஆஸ்பத்திரியில தங்கினாத்தான் பணம். நீங்க எங்க போய்ப் படுத்தாலும் உங்க வீட்டுக்குள்ளதானே படுத்திருக்கீங்க," என்று அவள் ஓட்டைத் தட்டிக் காட்டியது.

மூன்றாவது கம்பெனியைப் பிணந்தின்னிக் கழுகு நடத்தியது. காத்திருப்பு இல்லை, வயது வரம்பு இல்லை, இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை.

"பாலிசி எடுத்தவங்க யாரையாச்சும் பார்த்துப் பேசலாங்களா?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"அவங்க யாரும் இப்ப இல்லீங்க," என்று அலகைத் துடைத்துக்கொண்டது கழுகு.

இருவரும் தங்களால் முடிந்த வேகத்தில் அங்கிருந்து நடையைக் கட்டினார்கள். அது அப்படியொன்றும் வேகமில்லை.

"விடு பூவாத்தா. கண்ணு போனா என்ன, மூக்கு இருக்குதுல்ல," என்றார் சடையப்பன். சொல்லிக்கொண்டே ஒரு கல்லில் மூக்கை இடித்துக்கொண்டார்.

பூவாத்தாள் விடுவதாக இல்லை. ஆறு அண்ணன்களை வழியனுப்பியவள். வீட்டுக்கு வந்ததும் நரி கொடுத்த படிவத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். ஆமைகளுக்கு எதையும் அவசரமாகப் படித்துப் பழக்கமில்லை. பதினான்காம் பக்கத்தில் நின்றாள். மூத்தோர் பாலிசியில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையையும் சேர்க்கலாம். பிள்ளைக்கு எந்த நோய்க்கும் காத்திருப்புக் காலம் கிடையாது.

"மீசை நரைச்ச நான் உன்னை அம்மான்னு கூப்பிடறதா?" என்று பதறினார் சடையப்பன்.

"ஆபீஸ்ல மட்டும் கூப்பிடுங்க, அண்ணா."

மறுநாள் மறுபடியும் நரி முன் நின்றார்கள்.

"சொந்தப் பிள்ளைங்களா?"

"தத்துங்க," என்றாள் பூவாத்தாள். அன்று காலைதான் குளத்து நண்டு இரண்டைச் சாட்சிக்கு வைத்துத் தத்தெடுத்திருந்தாள்.

"பையன் பள்ளிக்கூடம் போறானா?"

"கண்ணே தெரியலையே, எப்படிங்க போவான்?"

நரி சடையப்பனின் நரைத்த மீசையைப் பார்த்தது. பிறகு படிவத்தைப் பார்த்தது. மீசைக்கும் அதில் கட்டம் இல்லை. சீல் குத்திவிட்டது.

கொக்கு டாக்டர் அலகு நுனியால் புரையை எடுத்தார். சடையப்பனைக் குழந்தைகள் வார்டில் படுக்க வைத்து, கையில் ஒரு கிலுகிலுப்பையும் கொடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அவர் பூவாத்தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு சின்னப் பொண்ணா நீ?" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் ராஜாவாக வாழ்ந்தார். நாகங்கள் குளக்கரைக்கு வருவதையே நிறுத்தின. கம்பெனியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்தும் சொட்டு மருந்து நினைவூட்டலும் தவறாமல் வந்தன. பிறகு ஒரு மத்தியானம் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

காடே கல்யாணச் சாவு என்று கொண்டாடியது. தவளைகள் மேளம் அடித்தன. மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. "பதினோரு வயதிலேயே கருகிவிட்ட தங்கள் இளந்தளிருக்காக ஆழ்ந்து வருந்துகிறோம்" என்று இருந்தது. முயல் அதை உரக்கப் படிக்க, கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பூவாத்தாள் சிரிக்கவில்லை. அறுபத்தைந்து வயதில் நின்று பார்த்தால் பதினொன்று என்பது எவ்வளவு கொஞ்சம் என்று அவளுக்குத்தான் தெரியும். இத்தனை பேரில் அந்தக் கம்பெனி ஒன்றுதான் சரியாகத் துக்கம் கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

வெளியே யாரோ ஓட்டைத் தட்டினார்கள். எட்டிப் பார்த்தாள். பல் கொட்டிப்போன ஒரு கிழட்டு அணில், கையில் நரிக் கம்பெனிப் படிவம். அதற்குப் பின்னால் முயல், கீரி, காட்டெலி என்று காட்டிலுள்ள முதியவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள்.

"அம்மா," என்றது அணில்.

நீதி: படிவத்தில் எப்போதும் உண்மையையே எழுதுங்கள். கட்டம் இல்லாத உண்மைக்கு நீங்கள் பொறுப்பல்ல.