தோஷம் இறக்கும் சைக்கிள்

அந்த ஜூன் மாதம், கொச்சியில் தமிழர்கள் நிறைந்த மட்டாஞ்சேரிக்கு இரண்டு வெள்ளங்கள் வந்தன. ஒன்று வானத்திலிருந்து இறங்கி பஜார் ரோட்டை முழங்கால் அளவுக்கு மூழ்கடித்தது. இன்னொன்று குடை பிடித்துக்கொண்டு வந்தது. பழைய மிளகுக் கிடங்கின் வாசலில் தொடங்கி, சாயாக்கடையைச் சுற்றி வளைந்து, மீன் வண்டிகள் நிற்கும் இடம் வரை நீண்டது. அது பக்தி வெள்ளம். வருடம் 1999. 2000 பிறந்தால் கம்ப்யூட்டர் என்ன ஆகுமோ என்று உலகம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரி சைக்கிளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

கிடங்குக்குள் சக்கரானந்த சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். அவர் முன்னால் ஏழு சைக்கிள்கள், கிழமைக்கு ஒன்றாக. எல்லாவற்றையும் பின்சக்கரம் தரையில் படாதபடி இரும்பு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பக்தர் ஏறி மிதிக்க வேண்டும். சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. ஆனால் கிரகங்கள் நகருமாம்! ஏழரைச் சனி, செவ்வாய் தோஷம், சர்க்கரை வியாதி, மூட்டுவலி, கல்ஃபுக்குப் போய்க் கடிதம் போடாத மாப்பிள்ளை, அத்தனைக்கும் ஒரே வைத்தியம் மிதி.

கண்ணால் பார்க்க அத்தாட்சியும் உண்டு. மிதித்து இறங்கியதும் சீடர் நீலகண்டன் ஈரமான மஞ்சள் துணி ஒன்றை நீட்டுவார். உள்ளங்கையைத் துடைத்தால் துணி ரத்தமாய்ச் சிவக்கும். "தோஷம் இறங்குது!" என்பார் சுவாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பரிகாரக் காணிக்கை செலுத்திவிட்டுச் சில வாரங்கள் அவரவர் கிழமையில் வந்து மிதித்தால் கடைசியில் துணி சிவக்காது, மஞ்சளாகவே இருக்கும். தோஷம் தீர்ந்தது என்று அர்த்தம். காணிக்கை செலுத்தாதவருக்கோ கால் ஒடிய மிதித்தாலும் சிவப்புதான். ஆளைப் பார்த்து இறங்கும் மரியாதையான தோஷம்!

இந்தக் கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள் விஜி. அப்பா செல்லதுரை கார்ப்பரேஷனில் பம்பு ஆபரேட்டர். மழைக்காலத்தில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். விஜி கல்லூரி மாணவி, சைக்கிள் பந்தய வீராங்கனை. வெயில் காலத்தில் விடியற்காலையில் பாலம் கடந்து களமசேரி வரை போய்த் திரும்பிவிடுவாள். ஆகஸ்டில் மாநில அணிக்குத் தேர்வு. மழையோ விடுவதாக இல்லை. நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒருநாள் கிளம்பினாள். தண்ணீருக்கடியில் இருந்த குழி தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து வீடு திரும்பினாள்.

வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஒரு சாதனம் வேண்டும் என்று தேட ஆரம்பித்தாள். எர்ணாகுளத்துக் கடையில் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தது. அதில் வீணை வாசிப்பவர்போல நிமிர்ந்துதான் உட்கார முடியும். பந்தயத்துக்கு முதுகை வளைத்துப் பழக வேண்டும். வெளிநாட்டு ஸ்டாண்ட் ஒன்றின் படத்தைக் கடைக்காரர் காட்டினார். விலையைக் கேட்டதும் விஜி படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். தோப்பும்படியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சஜிதான் வழி சொன்னான்.

"மோளே, மூணு இரும்பு உருளை, பழைய பேரிங்கு, ஒரு ஃப்ரேம். அவ்வளவு மதி, வேற ஒண்ணும் வேண்டாம். உன் சொந்த சைக்கிளையே அதுமேல ஏத்தி ஓட்டலாம். முதல்ல ரெண்டு தரம் விழுவே. பின்னே பழகிக்கும்."

"அட்வான்ஸ் எவ்வளவு சேட்டா?"

அவன் சொன்ன தொகை வீட்டு அலமாரியில் இருந்தது. அதாவது, இருந்தது என்று விஜி நினைத்தாள்.

"அதைச் சாமிகிட்டே கொடுத்துட்டேன்டி" என்றாள் அம்மா பாக்கியலக்ஷ்மி. "பரிகாரக் காணிக்கை. உனக்கும் சேர்த்துத்தான். நிக்கிற சைக்கிள் வேணும்னுதானே கேட்டே? அங்கே ஏழு நிக்குது. வந்து மிதி. காலுக்குப் பலமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு."

விஜிக்கு வந்த கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. சரி, பயிற்சியாவது கிடைக்கட்டும் என்று அம்மாவோடு போனாள். நீலகண்டன் அவள் ஏறுவதற்கு முன்னால் ஒரு செம்பிலிருந்து தீர்த்தம் தொட்டுக் கைப்பிடியில் தடவினார். விஜி பிடித்தாள். உரிந்திருந்த உள்ளங்கை தீப்பட்டதுபோல் எரிந்தது.

"என்ன தண்ணி இது?"

"கங்கா தீர்த்தம். எரியுதுன்னா தோஷம் ஜாஸ்தி."

துணி பளிச்சென்று சிவந்தது. புதிதாக வந்தவர்களிடம் முதலில் தோஷத்தைக் காட்டினால்தானே அடுத்த காணிக்கை! கங்கை எரியுமா என்று விஜி வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரமே பாக்கியலக்ஷ்மி அடுக்களையில் மயங்கி விழுந்தாள். விஜி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிறுத்திட்டேன். மாத்திரை போட்டா தோஷம் உள்ளேயே தங்கிடும்னு சாமி சொன்னார்."

டாக்டர் திட்டியது வார்டு முழுவதும் கேட்டது. விஜி திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதைவிட, வீடு திரும்பியதும் அம்மா சொன்னதுதான் அவளை உலுக்கியது.

"வர்ற வெள்ளிக்கிழமை கடைசி மிதிடி. துணி மஞ்சளா வந்துடும். பாதியில விட்டா சாமி குத்தம் ஆயிடும்."

"போலாம்மா" என்றாள் விஜி. "நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை கிடங்கு பிதுங்கியது. விஜி பந்தயக் கையுறையை மாட்டிக்கொண்டு, நீலகண்டன் கைப்பிடியில் தீர்த்தம் தடவிய சைக்கிளில் ஏறினாள். வியர்க்க வியர்க்க மிதித்தாள். இறங்கியதும் கையுறையைக் கழற்றிவிட்டுத் துணியில் கையைத் துடைத்தாள். துணி மஞ்சளாகவே இருந்தது.

"சாமி, ஒரே வாரத்துல என் தோஷம் தீர்ந்துடுச்சே!"

சுவாமி முகம் சுளித்தார். "கையுறை போட்டா தோஷம் எப்படி வெளியே வரும்? அதைக் கழட்டிட்டு மிதிக்கணும்."

"சரி சாமி."

மறுபடி ஏறினாள். இந்தமுறை வெறுங்கை, ஆனால் கைப்பிடியைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் விட்டு ஓட்டுவது பந்தயக்காரிக்குப் பெரிய காரியமா? ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிள் வேறு. மிதித்து முடித்து, முகம், கழுத்து, உள்ளங்கை என்று எல்லாவற்றையும் துணியில் துடைத்தாள். மஞ்சள்!

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விஜி சுவாமிக்கு நேராகத் திரும்பினாள்.

"நீங்க மிதிக்கவே வேண்டாம் சாமி. உங்களுக்குத் தோஷமே கிடையாது. சும்மா இந்தக் கைப்பிடியைப் பிடிச்சிட்டுத் துணியில துடைங்க. போதும்."

"சாமியைச் சோதிக்கிறியா?" என்று பாய்ந்தார் நீலகண்டன்.

"சோதிச்சாத்தான் சாமியோட பெருமை தெரியும்!" என்று பின்னாலிருந்து ஒரு பக்தர் உணர்ச்சிவசப்பட்டுக் கத்தினார். பாவம், உதவி செய்வதாக நினைத்துக் கத்தினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. "பிடிங்க சாமி! பிடிங்க!"

வேறு வழியில்லை. சுவாமி கைப்பிடியைப் பட்டும் படாமலும் தொட்டார். விஜி துணியை அவர் உள்ளங்கையில் அழுத்தினாள். சிவப்பு, செக்கச் சிவப்பு.

பின்னாலிருந்து அதே பக்தர் தழுதழுத்தார். "பாத்தீங்களா! நம்ம தோஷத்தையெல்லாம் சாமி தன் கையில வாங்கிக்கிட்டார்!"

பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மூடநம்பிக்கைக்கு எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! விழுந்த இடத்திலேயே எழுந்து கும்பிட்டுவிடுகிறது.

விஜி ஒரு கணம் திகைத்துப் போனாள். அப்போதுதான் வரிசையின் முன்னால் நின்ற காய்கறி வியாபாரி அழகம்மாள் வந்தாள். வாய் நிறைய வெற்றிலை. அவள் யாரையும் கேட்கவில்லை. கைப்பிடியில் விரலைத் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தாள். துப்பினாள்.

"அட நாசமாப் போறவனே! இது சுண்ணாம்புத் தண்ணிடா!"

"கங்கா தீர்த்தம்..." என்று தொடங்கினார் நீலகண்டன்.

"எனக்கா சொல்றே? நாள் பூரா வெத்தலை போடுறவளுக்குச் சுண்ணாம்பு தெரியாதா? மஞ்சத்துணியில சுண்ணாம்பு பட்டாச் சிவக்காம என்ன செய்யும்? கல்யாண வீட்டுல ஆரத்தி கரைக்கிறது எப்படின்னு நெனச்சே?"

அவ்வளவுதான். அங்கே நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரத்தி கரைக்காதவள் அவர்களில் ஒருத்தியும் இல்லை. பாக்கியலக்ஷ்மி நேராகப் போய், நீலகண்டனின் கை அடிக்கடி போய்வரும் அவர் இடுப்புத் துண்டை விலக்கினாள். மறைவில் இன்னொரு செம்பு. அதில் வெறும் தண்ணீர். காணிக்கை வந்து சேர்ந்தவர்களுக்கு வெறும் தண்ணீர், வராதவர்களுக்குச் சுண்ணாம்பு. கிரகங்கள் இரண்டு செம்புக்குள் அடங்கிவிட்டன.

"இதை நம்பியா மாத்திரையை நிறுத்தினேன்?" என்று கேட்டாள் பாக்கியலக்ஷ்மி. குரல் உயரவில்லை. "என் பொண்ணு அன்னிக்கு வீட்டுல இல்லேன்னா நான் செத்திருப்பேன், தெரியுமா?"

சுவாமி காவியைத் தூக்கிச் செருகினார். பதற்றத்தில் பக்கத்திலிருந்த சைக்கிளில் தாவி ஏறி வெறிபிடித்தவர்போல மிதித்தார். சக்கரம் பறந்தது. தாடி ஆடியது. ஓர் அங்குலம் நகரவில்லை! கிடங்கு சிரிப்பில் குலுங்கியது. சற்றுமுன் தழுதழுத்த பக்தர்தான் முதலில் போய் அவர் தோளைப் பிடித்து இறக்கினார். போலீஸ் வரும்வரை சுவாமியும் சீடரும் மிளகு மூட்டைகளின் மேல் பத்திரமாக உட்கார வைக்கப்பட்டார்கள். உண்டியல் திறந்து காணிக்கைகள் திரும்பின.

மறுநாளே விஜி சஜியின் பட்டறைக்குப் போனாள். உருளைகள் வந்தன. நடுக்கூடத்தில் போட்டு மிதித்து, அவன் சொன்னதைவிட அதிகமாகவே விழுந்தாள். அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் நின்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். ஆகஸ்டில் மாநில அணியில் விஜிக்கு இடம் கிடைத்தது. அப்பா பம்பு ஹவுஸ் முழுவதும் லட்டு கொடுத்தார்.

அழகம்மாளுக்குத்தான் ஒரு மனக்குறை. "எல்லாம் சரி விஜி மோளே. ஆனா மிதிச்சதுல எனக்கு மூட்டுவலி நெசமாவே குறைஞ்சிருந்துச்சே?"

"குறையும் அக்கா. சைக்கிள் மிதிச்சா யாருக்கும் குறையும். டாக்டர் அதைத்தானே ரொம்ப நாளாச் சொல்றார்?"

ஆமாம், டாக்டர் சொன்னார். இலவசமாகச் சொன்னார். அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு காலும் அசையவில்லை. தோஷம் என்று ஒருவன் சொன்னதும் மழையில் வரிசை கட்டி நின்று மிதித்தார்கள். காலுக்கு நல்ல பயிற்சிதான், யார் இல்லையென்றது? தலைக்குள் இருப்பதையும் தினம் கொஞ்சம் மிதித்துப் பழகுங்கள், தமிழர்களே. அதற்கு ஸ்டாண்டும் வேண்டாம், சாமியும் வேண்டாம்.