நாலாம் பெட்டியின் வாரிசுகள்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஆள்மாறாட்டம் செய்திருக்கிறேன். மாற்றியது புறாக்களை என்பதால் போலீஸ் வரவில்லை. புகுந்த வீட்டார் வந்தார்கள். போலீஸே தேவலை.

என் கணவர் பிரான்சிஸ் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமான ஏழாவது மாதம் விமானம் ஏறினார். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் அவர் விட்டுச் சென்றது பன்னிரண்டு பெட்டி பந்தயப் புறாக்கள். கீழே விட்டுச் சென்றது, என்னையும் என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த ஜெனியையும். (இந்த வரிசையில்தான் விடைபெற்றார். முதலில் மாடிக்குப் போய்விட்டு வந்தார்.)

நான் கணக்கு டீச்சர். எனக்கும் பறவைக்கும் இருந்த உறவு முட்டைப் பொரியலோடு சரி. ஆனாலும் ஆறு வருடம் அந்த மாடியைப் பார்த்துக்கொண்டேன். தானியம் வைத்தேன், எச்சம் சுரண்டினேன், எந்தப் பெட்டியில் எந்த ஜோடி, காலில் என்ன வளைய எண் என்று நோட்டில் எழுதி வைத்தேன். அவர் தினமும் வீடியோ காலில் வருவார்.

"குட்டி சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டா. ரெண்டு இட்லி. சட்னிதான் தொடல."

"அவ இல்லடி. நாலாம் பெட்டிக் குட்டி."

நாலாம் பெட்டி என்பது எங்கள் மாடியின் அரண்மனை. அதில் இருந்த நீல ஜோடியின் பூர்வீகம் பெல்ஜியம் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் போன ஆறாவது வருடம், தை மாதம், அவை இரண்டு குஞ்சு பொரித்திருந்தன. பந்தயப் புறாவின் குஞ்சுக்கு ஒரு வாரம் ஆவதற்குள் காலில் வளையம் மாட்டிவிட வேண்டும். அப்புறம் கால் பருத்துவிடும், வளையம் ஏறாது. அதனால் வளையம்தான் அதற்குப் பிறப்புச் சான்றிதழ். அந்தச் சனிக்கிழமை காலை, போனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்து, அவர் கத்தாரிலிருந்து சொல்லச் சொல்ல, நானே இரண்டு குஞ்சுக்கும் மாட்டினேன். ஜெனி முதன்முதலாகக் காது குத்திக்கொண்ட அன்று அவர் லைனில் கிடைக்கவில்லை. இதற்கு ஒன்றே கால் மணி நேரம் இருந்தார்.

"சாயங்காலம் ஜோசப்பு வருவான். பந்தயத்துக்கு ரெண்டு புறா குடுத்துவிடு. ஒண்ணு நாலாம் பெட்டிப் பெட்டை. குஞ்சு இருக்கிற பெட்டை ரெக்கை கழண்டாலும் வீடு வந்து சேரும். இன்னொண்ணு, ஜோடி இல்லாம வெளியில திரியுதே ஒரு நீலச் சேவல், அது."

"குஞ்சுங்களை யாரு பார்த்துக்கிறது?"

"சேவல் பார்த்துக்கும். அதுக்கும் தொண்டையில பால் சுரக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஜோசப் கூடையோடு வந்தான். என் கணவரின் சிஷ்யன். ஊர் ஊராகப் புறாக்களைச் சேகரித்து லாரியில் ஏற்றும் அவசரத்தில் இருந்தான். "அண்ணி, சீக்கிரம். தஞ்சாவூர்ல வண்டி நிக்குது."

நான் நாலாம் பெட்டியைத் திறந்தேன். குஞ்சுகளின் மேல் ஒரு நீலப் புறா பொறுப்பாக அடைகாத்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பது அம்மாவாகத்தானே இருக்க முடியும்? எங்கள் வீட்டில் அப்படித்தான். எடுத்துக் கொடுத்தேன். கைப்பிடிச் சுவரில் இன்னொரு நீலம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. கவலையில்லாமல் வெளியில் திரிவது ஆணாகத்தானே இருக்க முடியும்? அதையும் பிடித்துக் கொடுத்தேன்.

அன்று எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. புறாக்களில் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை கூட்டில் உட்காருவது அப்பா. அம்மா அந்த நேரத்தில் வெளியே போய் மேய்ந்து, குளித்து, வெயில் காய்ந்துவிட்டு, இருட்டுவதற்கு முன் டியூட்டிக்கு வரும். மனித குலத்தை வைத்துப் புறாவை எடைபோட்டது என் தவறு. இரண்டு குஞ்சுகளின் அப்பாவையும் அம்மாவையும் ஒரே கூடையில் போட்டு ஆந்திரா பக்கம் அனுப்பியிருந்தேன்.

பொழுது சாயும்போதும் நாலாம் பெட்டிக்கு யாரும் வராததைப் பார்த்துத்தான் சந்தேகம் தட்டியது. ஜோசப்புக்குப் போன் போட்டு வளைய எண்களைப் படிக்கச் சொன்னேன். நோட்டோடு ஒப்பிட்டேன். போனது நாலாம் பெட்டி ஜோடியேதான்.

"ஜோசப்பு, ரெண்டையும் திருப்பி அனுப்புப்பா."

"வண்டி கிளம்பிடுச்சு அண்ணி." குரலைத் தாழ்த்தினான். பிறகு, "நானும் பார்த்துதான் வாங்கியிருக்கணும். அண்ணன்கிட்ட நீங்க சொல்லாதீங்க. நானும் சொல்லல."

பொட்டுக்கடலையை மாவாக்கி வெந்நீரில் கரைத்து, இங்க் பில்லரால் குஞ்சுகளின் வாயில் விட்டேன். பாதி மூக்கு வழியாக வந்தது. பழைய துணியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். தை மாதப் பனிக்கு அது போதவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது இரண்டும் விறைத்துக் கிடந்தன.

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. மணியைப் பார்த்தேன். ஆந்திராவில் காலை ஆறரைக்குப் புறாக்களைத் திறந்துவிடுவார்கள். பதினொன்றரைக்கு முன்னால் எந்தப் புறாவும் வந்து சேராது. ஐந்து மணி நேரம். செத்துப்போன பிள்ளைகளின் கால்களில் தேங்காய் எண்ணெய் தடவி, வளையங்களைக் கழற்றினேன். அந்த நேரத்தில் என்னைவிட நிதானமான குற்றவாளி காவிரிக் கரையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டில் ஜெனியைப் பூசைக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, நேராக ரைஸ் மில்லுக்குப் போனேன். சம்பா அறுவடைக் காலம் என்பதால் ஞாயிறும் மில் ஓடியது. அதன் கூரைச் சட்டங்களில் நூற்றுக்கணக்கில் மாடப் புறாக்கள் உண்டு. பெல்ஜியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவை. சிந்திய நெல்லைத் தின்று மேஸ்திரி மாதிரி உடம்பு வைத்தவை.

மில் டிரைவர் செல்வராசு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன டீச்சர், நெல்லு அரைக்கணுமா?"

"புறாக்குஞ்சு வேணும். ஆறு நாள் வயசு. ரெண்டு."

"சூப்புக்கா? யாருக்காச்சும் முடியலையா?"

"ஆமா," என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை நேரத்தில், முதல் பொய்.

அவருக்கு மெஷினை விட்டு நகர முடியாது. ஏணியை மட்டும் சாய்த்துக் கொடுத்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். உமித்தூசு கண்ணை மறைத்தது. மூன்றாவது சட்டத்தில் சரியான வயதில் இரண்டு கிடைத்தன. கையை நீட்டும்போது தாய்ப்புறா இறக்கையால் என் மணிக்கட்டில் அடித்தது. வலிக்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

கீழிருந்து ஒரு குரல். "டீச்சர்! எங்க பய கணக்குல எப்படிங்க?" நெல் மூட்டையோடு வந்த ஒரு மாணவனின் அப்பா. ஏணியின் உச்சியில், இரண்டு கையிலும் திருட்டுக் குஞ்சோடு, "இன்னும் கவனம் வேணும்," என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து வளையங்களை மாட்டினேன். முன் விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நுழைத்து, பின் விரலை மடக்கி வெளியே இழுக்க வேண்டும். முந்தைய நாள் பயிற்சியால் சுலபமாக வந்தது. நாலாம் பெட்டியில் வைத்தேன். மஞ்சள் பூனைமயிரும் பெரிய மூக்குமாக, அந்த வயதில் எல்லாப் புறாக்குஞ்சும் ஒரே அழகுதான்.

பதினொன்றரை தாண்டி இரண்டு நிமிடம். வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. மற்ற புறாக்கள் பந்தயத்திலிருந்து வந்தால் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கும், தண்ணீர் குடிக்கும். இது எதையும் பார்க்கவில்லை. கல் விழுவதுபோல் வந்து இறங்கி, நேராகப் பெட்டிக்குள் போனது. நாலாம் பெட்டிப் பெட்டை. மாவட்டத்திலேயே முதலாவது.

உள்ளே போனதும் நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குஞ்சுகளைப் பார்த்தது. பசியில் அவை கத்தின. அது வாயைத் திறந்து ஊட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் அழுதேன். போன் அடித்தது.

"ஜெயிச்சுட்டோம்!" கத்தாரில் அவர் குதிக்கும் சத்தம் கேட்டது. "என் தங்கம்! பார்த்தியா, புள்ளைங்களுக்காக எப்படி அடிச்சுக்கிட்டு வந்திருக்கு!"

"ஆமாங்க," என்றேன். "எத்தனையோ பேருக்கு லீவே கெடைக்கிறதில்ல."

அவருக்கு அது கேட்கவில்லை. கேட்காத மாதிரி சொல்வதற்கு ஆறு வருடத்தில் பழகியிருந்தேன்.

சித்திரையில் ஒரு மாத விடுப்பில் வந்தார். வந்த மூன்றாவது நாளே கும்பகோணம், தஞ்சாவூரிலிருந்து புறாக்காரர்கள் ஏழெட்டுப் பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவருடைய அண்ணன் குடும்பமும் வந்தது. ஜெயித்த புறாவின் வாரிசுகளைக் காட்ட வேண்டுமாம். நான் இரண்டு கிலோ ஆட்டுக்கறியோடு அடுப்படியில் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை மாடிப்படி வரை போனேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

நாலாவது தடவை குழம்பைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் ஒரு வாரிசைக் கையில் வைத்து, இறக்கையை விரித்து, கண்ணைப் பார்த்து, மார்பை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"பிரான்சிஸ், இது எந்த வம்சம்னு சொன்னீங்க?"

"பெல்ஜியம் அண்ணே."

"கொஞ்சம் சோத்து வயிறா இருக்கே?"

"அண்ணிக்கு ரொம்பச் செல்லம். ஊட்டி ஊட்டி வளர்த்துட்டாங்க," என்று ஜோசப் இடையில் புகுந்தான்.

அதோடு தப்பித்திருப்போம். வீட்டுக்குச் சொல்லியிருந்த அரிசி மூட்டையோடு அந்த நேரம் பார்த்து செல்வராசு வந்தார். ஆள் எங்கே என்று தேடி மாடிக்கே வந்துவிட்டார். எல்லாரையும் பார்த்து வணக்கம் சொன்னவர், பெரியவர் கையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட, நம்ம மில்லுக் குஞ்சு! சூப்பு வைக்கலியா டீச்சர்? வளர்த்துட்டீங்களா! வளையமெல்லாம் போட்டு விட்டிருக்கீங்க!"

நான் குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தேன். முதலில் சிரித்தது கும்பகோணத்துப் பெரியவர். பிறகு எல்லாரும். என் கணவரின் அண்ணனுக்குச் சாப்பிட்ட சோறு புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. என் கணவரும் சிரித்தார். விருந்தாளிகள் போகும்வரை சிரித்தார்.

அப்புறம் கேட்டார். "உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?"

"எதை?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மாடியைப் பார்த்தார். விடுப்பு முடிவதற்குள் பன்னிரண்டு பெட்டியையும் ஜோசப்புக்கே கொடுத்துவிட்டார். பொய் சொன்னவனுக்கு அரண்மனை. மில் புறா இரண்டையும் யாரும் கேட்கவில்லை. அவை என்னோடு தங்கிவிட்டன.

இதெல்லாம் நடந்து பத்து வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் இந்தக் கதை இல்லாமல் ஆஸ்பத்திரி வாசல் தாண்டாது. நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். "டீச்சர் வந்தாச்சு. குழந்தை கையில சீட்டு கட்டியிருக்கான்னு பாருங்கப்பா. மாத்திடப் போறாங்க!" நர்ஸ் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான். நல்ல நகைச்சுவையை என்னுடையது என்பதற்காக வெறுக்க முடியாது.

போன மாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் கடைசிக் கொழுந்தனாருக்குப் பையன் பிறந்தான். கொழுந்தனார் குவைத்திலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான சிரிப்பு முடிந்தது. போனில் அவரும் நன்றாகச் சிரித்தார். சிக்னல் போனது. எல்லாரும் காபி குடிக்க வெளியே போன பிறகு, கட்டிலில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அக்கா, அவரு எப்ப வருவாரு?"

"லீவு கெடைச்சதும்," என்றேன்.

பதினாறு வருடமாக எனக்கு வரும் பதில் அது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல் சொன்னேன்.