வெயிலை வீணாக்கும் அக்காவுக்கு

சிக்னெட், டாஸ்மேனியா
ஜூலை, மறுபடியும் மழை

அன்புள்ள ஐவி அக்காவுக்கு,

தம்பி மெர்வின் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் வடக்கே உன் டவுன்ஸ்வில்லுக்கே குடிவருகிறோம். உன் வீட்டுக் கீழ்த்தளத்தைக் காலி செய்து வை. என் மகள் பிரையனிக்கு எம்.எஸ். என்கிற நரம்பு நோய் என்று தெரிந்ததிலிருந்து நான் படிக்காத கட்டுரை இல்லை. வெயில் கொளுத்தும் உங்கள் பக்கம் அந்த நோய் குறைவாம், எங்களைப் போலத் தெற்கே, குளிர்ப் பக்கம் வர வர அதிகமாம், வெயில் பட்டு உடம்பு தயாரிக்கும் வைட்டமின் டி குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாமாம். எல்லாம் 'லாம்'தான். பெற்றவனுக்கு அது போதும்.

முதலில் இங்கேயே வெயில் பிடிக்கப் பார்த்தேன். சோபாவை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு பிரையனியை உட்கார வைத்தால், தோல் புற்றுநோய்க்குப் பயந்தே வாழும் என் மனைவி மர்லீன் தொப்பியும் கிரீமுமாகப் பின்னாலேயே வந்து மூக்கு, காது, கழுத்து என்று பூசிவிடுகிறாள். "நீங்க வெயில்ல வெப்பீங்க, அம்மா பெயின்ட் அடிப்பாங்க. நான் என்ன வேலியா?" என்றாள் பிரையனி. அதற்குள் மழை வந்து சோபா ஊறிப்போனது. சரி, வெயிலை மறைப்பது சைப்ரஸ் மரம்தானே என்று வெட்டினேன். அது பக்கத்து வீட்டு ராஸ்கோவின் கோழிக்கூண்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "உன் பொண்ணுக்காகப் பொறுத்துக்கறேன் மெர்வ், உனக்காக இல்ல" என்று சொல்லிவிட்டு, அத்தனை கோழிகளையும் எங்கள் கார் கொட்டகையில் குடிவைத்துவிட்டான். காளானை வெயிலில் காட்டினால் அதில் வைட்டமின் டி ஏறும் என்று படித்துப் பின்வாசல் படியில் பரப்பினேன். குட்டிக் கங்காரு மாதிரித் தோட்டத்தில் தாவித் திரியும் வாலபிகள் வந்து மிச்சமில்லாமல் தின்றுவிட்டன. இந்த வட்டாரத்திலேயே எலும்பு உறுதியான வாலபிகள் இப்போது எங்கள் தோட்டத்தில்தான் இருக்கின்றன.

உனக்கே டி குறைவு என்று டாக்டர் சொன்னதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அவ்வளவு வெயிலை வாசலில் வைத்துக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு ஏசியில் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? நீ வீணாக்குவதை நாங்கள் வந்து பயன்படுத்திக்கொள்கிறோம்.

பிரையனியிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்துத் தீவுக்குக் கார்களை ஏற்றிப்போகும் படகில் கயிறு கட்டும் வேலை அவளுக்கு உயிர். கால் மரத்துப்போகும் நாளில்கூட லீவு போடாதவள், சொன்னால் அடம்பிடிப்பாள். சாமானை லாரியில் ஏற்றியபின் சொல்லிக்கொள்ளலாம். வீட்டை விற்றுத் தருகிற ஆள் வந்து படமெல்லாம் எடுத்தாயிற்று. இனி யார் சொல்லியும் கேட்பதாக இல்லை.

அத்தானையும் அவர் மூட்டுவலியையும் விசாரித்ததாகச் சொல். உங்கள் எல்லோருக்கும் கடவுள் குறையில்லாமல் கொடுக்கட்டும், வெயிலைத் தவிர. அது எங்களுக்கும் கொஞ்சம் வேண்டும்.

இப்படிக்கு,
மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் தம்பி,
மெர்வின்

பி.கு.: கீழ்த்தளத்தைக் காலி செய்ய வேண்டாம். இதைத் தபாலில் போடச் சொல்லி பிரையனியிடமே கொடுத்தது என் புத்தி. உறையை ஒட்டவில்லை. நின்றபடியே படித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க படிச்சதெல்லாம் வியாதி யாருக்கு ஏன் வருதுங்கிற கணக்கு. எனக்கு வந்தாச்சு. டாக்டர் எழுதித் தந்த டி மாத்திரைய போட்டுக்கறேன். அது இதைத் தீத்துடும்னு அவரே சொல்லல. ஆனா சூடு ஏறினா என் கால் என் பேச்சைக் கேக்காது, கண்ணு மங்கிடும். டவுன்ஸ்வில்ல நான் எப்படிப்பா நடப்பேன்? இந்தக் குளிர்லதான் நான் நிக்கறேன்."

"நான் ஏதாவது செய்யணுமேம்மா" என்றேன்.

"செய்யுங்க. எப்படி இருக்கேன்னு கேளுங்க. நான் பதில் சொல்றப்ப எழுந்து ஓடாம உக்காந்து கேளுங்க."

கேட்டேன், அக்கா. இத்தனை நாள் தனக்கு என்னென்ன பயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதற்கும் என்னிடம் மருந்து இல்லை. எழுந்து போய் எதையாவது பண்ணவேண்டும் என்று கை பரபரத்தது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கும் உட்காருவேன்.