சிவத்த தகரம் பச்சையான கதை

வெட்கப்படுகிற ஆளிடம் நிறம் தெரிவுசெய்கிற வேலையைக் கொடுக்கக் கூடாது. அவன் அழகான நிறத்தைத் தேடமாட்டான். ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிறத்தைத்தான் தேடுவான். நானும் தேடினேன். கண்டுபிடித்தும் விட்டேன். அதனால் எனக்குக் கலியாணமே நடக்காமல் போகப் பார்த்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (படிப்பு வராததால் அல்ல. ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.) அதன்பின் அண்ணனோடு சேர்ந்து வள்ளத்து இயந்திரங்கள் திருத்தும் தொழில். இயந்திரத்தோடு எனக்கு நன்றாக ஒத்துப்போனது. அது சுகம் விசாரிக்காது, எப்போது கலியாணம் என்று கேட்காது.

எங்கள் தொழிற்கூடம் திருகோணமலை உள்துறைமுகத்தின் ஒரு சின்னக் குடாவில், மலையடியில் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது விட்டுவிட்டுப் போன தகரக் கொட்டகை அது. ஒரு பெரிய பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போல இருக்கும். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எந்தக் காலத்திலோ பூசிய சிவப்புப் பெயின்ற்றும் அதற்குப் பிறகு வந்த துருவும் சேர்ந்து, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய் மாதிரி ஒரு நிறம். கடலுக்குப் போய்வருகிறவர்கள் அதைச் 'சிவத்த தகரம்' என்றார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வள்ளத்து இயந்திரத்தால் சீவிக்கிற எனக்கு, வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும். கரையில் கட்டிய வள்ளம் என்றாலும் கொஞ்சம் வரும்.

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்த்தது கட்டைபறிச்சானில். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு அங்கால் போக வேண்டும். கிண்ணியாக் காசிம் காக்காதான் (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்) தன்னுடைய வள்ளத்தில் எங்களைக் கொண்டுபோனார். அண்ணனும் மச்சாளும் (அண்ணனின் மனைவி, எங்கள் வீட்டில் எல்லா முடிவுகளும் அவருடையவை) கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் வாளிக்குள் பார்த்துக்கொண்டு வந்தேன். போகும்போதும் தலை வாளிக்குள், திரும்பி வரும்போதும் வாளிக்குள்.

பெண் வீட்டில், எனக்குப் பார்த்த பூமணிதான் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் தலையாட்டினேன். அவளுடைய தகப்பன், "தம்பிக்கு என்ன தொழில்?" என்றார். அண்ணன் பதில் சொன்னார். "தம்பிக்கு எத்தினை வயசு?" அதற்கு மச்சாள் பதில் சொன்னார். நான் வாயைத் திறக்கவே இல்லை. வெட்கம் பாதி. திறந்தால் சொல்தான் வரும் என்று நிச்சயமில்லாதது மீதி.

சில நாளில் காசிம் காக்கா அந்தப் பக்கத்துச் செய்தியோடு வந்தார்.

"பொம்பிளைக்கு மாப்பிளையப் பிடிச்சிருக்காம். ஆனா மாப்பிளை ஊமையோ எண்டு கேக்குறாவாம்."

அண்ணன் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை.

"தகப்பன் வாற ஞாயித்துக்கிழம தன்ர மச்சான்ட வள்ளத்துல வாறாராம். தொழில் செய்யிற இடத்தப் பாக்கணுமாம், மாப்பிளையோட கதைச்சும் பாக்கணுமாம். மாப்பிளைட வாயில இருந்து ஒரு கதை வந்தாத்தான் கலியாணக் கதையாம், மனே."

எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அதற்கு முன் மூன்று இடத்துக் கதைகள் என் வாயாலேயே, அதாவது என் வாய் திறக்காததாலேயே, முறிந்திருந்தன. ஆனால் இந்த முறை எனக்கும் பூமணியைப் பிடித்திருந்தது. தேத்தண்ணி தரும்போது, "சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று என்னைத்தான் கேட்டாள். இத்தனைக்கும் நான் வள்ளத்துக் குமட்டலில் பச்சை நிறமாக உட்கார்ந்திருந்தேன். (பச்சை இந்தக் கதையில் இன்னும் வரும்.)

"கதைக்கிறத அவன் பாத்துக்கொள்ளட்டும்," என்றார் மச்சாள். "முதல்ல இந்தத் துருப்பிடிச்ச தகரத்துக்குப் பெயின்ற் அடியுங்கோ. இதப் பாத்தா ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

அண்ணனுக்குச் சீனன்குடாவில் ஒரு கிழமை முழுக்க வேலை இருந்தது. பெயின்ற் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார்.

அந்த நாட்களில் கடைகளில் சாமான் வருவதே அபூர்வம். டவுன் கடைக்காரரிடம் நீலம், மஞ்சள், பச்சை மூன்றும்தான் இருந்தன. எது வேண்டும் என்று அவர் கேட்டார். நான் அவருடைய மேசையைப் பார்த்தேன். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றித் தந்து, பூசிப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பிவைத்தார்.

வீதிப்பக்கத் தகரத்தில் மூன்று திட்டுகள் பூசினேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. வீதியால் போகிற ஒவ்வொருவரும் சைக்கிளை நிறுத்தினார்கள். "தேமல் போட்டிருக்கோ?" என்றார் ஒருவர். மச்சாள் மஞ்சள் என்றார். நல்ல காரியம் நடக்கப்போகிற இடமாம். பழுதான இயந்திரம் கொண்டுவந்தவர் நீலம் என்றார். காசிம் காக்கா மூன்றும் வேண்டாம், வெள்ளை அடி, உள்ளே சூடு இருக்காது என்றார். வெள்ளை இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் என்னிடம் கேட்டாய் என்றார். நான் கேட்கவே இல்லை.

மஞ்சளை யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கொட்டகை மஞ்சளாக நின்றால் பேருந்தில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். நீலத்தை யோசித்தேன். நீலம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாராவது உள்ளே வருவார்கள். வந்தவர்களோடு கதைக்க வேண்டும். பிறகு வீதி வளைவில் போய் நின்று பச்சைத் திட்டைப் பார்த்தேன். பின்னால் மலை, மலை நிறையக் காடு, அதன் அடியில் அந்தப் பச்சை. எங்கே தகரம் முடிகிறது, எங்கே மரம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒருவரையும் தொந்தரவு செய்யாமல், பின்வரிசையில் ஒதுங்கி நிற்பது போல இருந்தது. இதுதான் என்னுடைய நிறம் என்று முடிவெடுத்தேன்.

கடையிலிருந்த பச்சை போதாது. அதனால் மண்ணெண்ணெய் தாராளமாகக் கலந்தேன். ஏணியைச் சாத்தி, வீதிப்பக்கம், கடல்பக்கம், முதுகு என்று முழுக்கொட்டகையையும் சனிக்கிழமை பின்னேரத்தோடு பூசி முடித்தேன். காயவில்லை. ஞாயிறு காலையிலும் தொட்டால் ஒட்டியது. ஆனால் என் சீவியத்தில் நானாகத் தெரிவுசெய்த முதல் பொருள் என்று அதைப் பெருமையோடு பார்த்தேன். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்து, சொல்லவேண்டிய வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு காத்திருந்தேன். "வாங்கோ, இருங்கோ." அவ்வளவுதான் வசனம். அதையே காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் சீனன்குடாவிலிருந்து வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"டேய், நவம். நான் பொம்பிளை வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பினனான் தெரியுமோ?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"துறைமுகத்துக்குள்ள வந்தவுடன சிவத்த தகரம் தெரியும். மலையடியில அது ஒண்டுதான் சிவப்பு. அத மூக்குக்கு நேர பிடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்துறைமுகத்தில் எங்கள் குடாவைப் போல எத்தனையோ குடாக்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே மாதிரி மலை, ஒரே மாதிரிக் காடு. வெளியிலிருந்து வருகிற வள்ளக்காரர் எல்லோரும் எங்கள் தகரத்தைக் குறிபார்த்துத்தான் பாறைகளை விலத்திக் கரைக்கு வருவார்கள். ஊருக்கே தெரிந்த விசயம். ஆனால் நான் அந்தக் கொட்டகையைக் கடலிலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைத்த ஒரே நாளில் வாளிக்குள் இருந்தேன்.

காசிம் காக்கா அந்த நேரம் பார்த்துக் கரையேறினார்.

"எங்க மனே உங்கட தகரம்? பக்கத்துக் குடாவுக்குள்ள போயிட்டு வாறன். நான் உங்கட சத்தத்த வச்சுத்தான் இஞ்ச வந்தன்." பிறகு கடலைக் காட்டினார். "அந்தா, வெளியில ஒரு வள்ளம் சுத்திக்கொண்டு திரியுது. முன்னுக்கு ஒருத்தர் தலைப்பாவோட எழும்பி நிக்கிறார். பாவம், என்னத்தத் தேடுறாரோ."

நாங்கள் பார்த்தோம். வள்ளம் ஒரு குடாவுக்குள் போனது, வந்தது. அடுத்ததற்குள் போனது, கொஞ்ச நேரம் சென்று வந்தது. அது கடற்படை நிற்கிற இடம். வெளியே வந்து, கொஞ்சம் யோசித்தது போல நின்று, மூதூர்ப் பக்கமாக மூக்கைத் திருப்பத் தொடங்கியது.

"போகினம்," என்றார் அண்ணன்.

மச்சாள் அன்றைக்கு உடுப்பதற்கென்று தன்னுடைய கூறைச்சேலையை வெளியே எடுத்து வைத்திருந்தார். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. நான் அதைப் பார்த்தேன். மச்சாள் என்னைப் பார்த்தார்.

"அது என்ர கூறை," என்றார். கடலைப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்தார். பிறகு எடுத்து என் கையில் திணித்தார். "அழுக்காக்கினியெண்டா உன்ர பொம்பிளைக்கும் கூறையில்லாமத்தான் தாலி கட்டுவாய்."

ஏணி இன்னும் சாத்தியபடிதான் இருந்தது. கூரையின் உச்சியில் ஏறி நின்று சேலையை விசிறினேன். வள்ளம் பார்க்கவில்லை. இன்னும் விசிறினேன். அதன் முதுகுதான் தெரிந்தது. கீழே அண்ணன் ஏதோ கத்தினார். அவருக்குத் தொண்டை சின்னது, வள்ளத்து இயந்திரச் சத்தத்தில் போய்விட்டது. பூமணி சீனி காணுமா என்று கேட்டது ஏனோ அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. பாடமாக்கிய வசனம் ஞாபகம் வரவில்லை.

"மாமா! மாப்பிளை இஞ்ச நிக்கிறன்! நான்தான் மாப்பிளை!"

அது என் குரல்தான் என்று எனக்கே விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எதிர் மலையில் பட்டு, "மாப்பிளை, மாப்பிளை" என்று திரும்பி வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றின் தளத்தில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் குடாவில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். இருபத்தெட்டு வருடமாகச் சேர்த்துவைத்த சத்தம் முழுவதும் ஒரேயடியாய்ச் செலவழிந்தது.

வள்ளம் திரும்பியது.

வள்ளம் கரையை நெருங்கும்வரை உச்சியிலேயே நின்று விசிறிக்கொண்டிருந்தேன். அதுதான் பிழை. வளைந்த கூரையில் நிற்பதற்கு உச்சி மட்டும்தான் இடம். காயாத பெயின்ற்றில் அதுவும் இடமில்லை. கால் வழுக்கியது. முதுகால் கொஞ்சத் தூரம், வயிற்றால் கொஞ்சத் தூரம், கூறைச்சேலையையும் கூட்டிக்கொண்டு கடல்பக்கமாகச் சறுக்கி, கீழே குவித்திருந்த பழைய வலைக்குள் விழுந்தேன். அதே நேரம் வள்ளத்தின் மூக்கு மண்ணில் தட்டியது.

பூமணியின் தகப்பன் இறங்கி வந்தார். எழும்பி நின்ற என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தலை பச்சை. வேட்டி பச்சை. கையில் பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக ஒரு சேலை.

"தம்பிக்குப் பேரென்ன?"

"நவரத்தினம்."

"தொழில்?"

"மெசின் திருத்திறது."

"இந்தப் பெயின்ற் ஆர் அடிச்சது?"

"நான்தான்."

அவர் அண்ணனிடம் திரும்பினார். "சரி, வாய் இருக்கு. புத்தியப் பற்றி என்ர மகள் ஒண்டும் கேக்கேல்ல."

அப்படித்தான் என் கலியாணம் நிச்சயமானது. "வாங்கோ, இருங்கோ" என்ற வசனத்தை அவர்கள் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன்.

மாமாவுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. எங்களுக்கென்று கொண்டுவந்த தயிர் முட்டிகளை அவர் கடற்படைக் கரையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அங்கே வெள்ளை உடுப்போடு ஓர் இளைஞர் நேராக நின்றாராம். மாப்பிள்ளைதான் வரவேற்க நிற்கிறார் என்று நினைத்து, முட்டிகளைக் கையில் கொடுத்து, மகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் சொன்னாராம். அந்த இளைஞர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, வெளியே போகிற வழியைக் காட்டி அனுப்பினாராம். "நல்ல பெடியன், எடுப்பான பெடியன்," என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். (என்னைப் பார்க்கிற நேரங்களில்தான் அதிகம் சொல்வார்.)

வள்ளக்காரர்களின் முறைப்பாடு தாங்காமல் அடுத்த கிழமையே கடல்பக்கத்துக்குச் சிவப்பு அடிக்க வேண்டி வந்தது. வீதிப்பக்கத்தைப் பூமணி பச்சையாகவே விடச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் எங்கள் கொட்டகை கடலிலிருந்து வருகிறவர்களுக்குச் சிவப்பு, பேருந்தில் வருகிறவர்களுக்குப் பச்சை. மச்சாளின் கூறையில் பச்சை போகவில்லை. எங்கள் வீட்டு நல்ல காரியங்களுக்கெல்லாம் அந்தப் பச்சை வெளியில் தெரியும்படிதான் கொசுவம் வைத்து உடுத்துக்கொண்டு வருவார்.

போன மாதம் எங்கள் வள்ளக்காரர் சங்கத்தின் கூட்டத்தில், இத்தனை வருடமாக இயந்திரம் திருத்துகிறவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஒலிவாங்கியைப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த பூமணி பின்னால் திரும்பி யாருக்கோ கையைக் காட்டினாள்.

தலை நரைத்த காசிம் காக்கா, மூச்சு வாங்க வாங்க, ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார்.